குறைந்த வால்யூமில் ஹெட்போன் சரியாகக் கேட்கவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

“கூட்டி வச்சா நல்லாத்தான் இருக்கு, குறைச்சா பாட்டுல உயிரே இல்ல.” செங்கோட்டையில் எங்கள் ரிப்பேர் மேசைக்கு ஹெட்போனோடு வருகிறவர்கள் அடிக்கடி சொல்வது இது. புளியரை தாண்டி ஆரியங்காவு, தென்மலைப் பக்கமிருந்து வருகிறவர்கள் பாதி மலையாளம் கலந்து சொன்னாலும் புகார் அதேதான். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு பாட்டு கேட்கிறவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், ராத்திரி கண் விழித்துப் படிக்கும் பிள்ளைகள். சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்பது நல்ல பழக்கம். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதாக இருந்தால் பெரியவர்களுக்குச் சராசரி 80 டெசிபல், சிறுவர்களுக்கு 75 டெசிபல் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு. அதனால் “கூட்டி வைத்துக் கேளுங்கள்” என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. புதுசு வாங்குங்கள் என்றும் எடுத்த எடுப்பில் சொல்வதில்லை. குறைந்த வால்யூமில் தெரியும் கோளாறு பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான் இருக்கும்: ஹெட்போன் காதில் உட்காரும் விதம், வால்யூமை எந்த இடத்தில் குறைக்கிறோம் என்பது. இரண்டையும் சரிசெய்யப் பெரும்பாலும் காசு வேண்டாம்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் கேளுங்கள். தகரக் கூரையில் மழை அடிக்கும்போதும், விசிறி முழு வேகத்தில் சுற்றும்போதும் மெல்லிய ஒலிகள் காதுக்கு எட்டுவதற்குள் மூழ்கிவிடும். விசிறியை நிறுத்தியதும் எல்லாம் சரியாகக் கேட்டால் கோளாறு ஹெட்போனில் இல்லை. காதை நன்றாக அடைக்கும் டிப்போ (இயர்போன் நுனியில் மாட்டும் ரப்பர் மூடி), வெளிச்சத்தத்தைக் குறைக்கும் வசதியுள்ள ஹெட்போனோ போதும். சோதிக்க உங்களுக்கு வரிக்கு வரி தெரிந்த ஒரே பாட்டை வைத்துக்கொள்ளுங்கள். பாட்டை மாற்றிக்கொண்டே இருந்தால் எது கோளாறு, எது ஒலிப்பதிவு என்று பிடிபடாது.

அறிகுறி 1: பேஸ் (அடித்தொனி) காணோம், பாட்டு மெலிந்து கேட்கிறது

பாட்டு ஓடும்போதே இரண்டு இயர்போனையும் விரலால் மெல்ல உள்ளே அழுத்துங்கள். பெரிய ஹெட்போன் என்றால் இரண்டு கிண்ணத்தையும் உள்ளங்கையால் காதோடு அழுத்துங்கள்.

*அழுத்தினால் பேஸ் வருகிறது என்றால்:* காற்று கசிகிறது. இந்த அறிகுறியோடு வருவதில் பெரும்பாலானவை இந்த வகைதான். இயர்போன் வாங்கும்போது அதில் மாட்டியிருக்கும் நடு அளவு டிப்பையே கடைசிவரை வைத்திருப்பவர்கள் நிறைய. டப்பாவில் இருக்கும் பெரிய டிப்பைப் போட்டுப் பாருங்கள். இடது காதுக்கும் வலது காதுக்கும் துவார அளவு வேறாக இருப்பது சகஜம். ஒரு பக்கம் பெரியது, ஒரு பக்கம் நடு என்று போடுவதில் தப்பே இல்லை. மாட்டும்போது எதிர்க் கையால் காதின் மேல்பகுதியைப் பின்னோக்கி இழுத்துப் பிடித்து, இயர்போனைச் செருகி, அப்புறம் காதை விடுங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால் ஃபோம் டிப். விரலால் உருட்டிச் சுருக்கிச் செருகினால் சில நொடியில் உள்ளே விரிந்து அடைத்துக்கொள்ளும்.

பெரிய ஹெட்போனில் மூக்குக் கண்ணாடியின் காம்பு குஷனைத் தூக்கிவிடும். கண்ணாடியை ஒரு நிமிடம் கழற்றிவிட்டுக் கேட்டால் தெரிந்துவிடும். அடுத்தது குஷனின் மேல்தோல். எங்கள் ஊரில் ஜூன் பிறந்தால் ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் சேர்ந்து வரும். அலமாரியில் வைத்த பெல்ட்டும் செருப்பும் பூசணம் பிடிக்கும். செயற்கைத் தோல் குஷனுக்கு இந்த ஈரம் பெரிய எதிரி. முதலில் பிசுபிசுக்கும், பிறகு செதில் செதிலாக உரிந்து கழுத்தில் ஒட்டும். உரிந்த இடத்தில் காற்று கசியும். கூட்டி வைத்தால் கசிவைத் தாண்டியும் கொஞ்சம் பேஸ் வருவதால் ஆள் கவனிப்பதில்லை, குறைத்ததும் தெரிகிறது. குஷனைத் தனியாக வாங்கி மாற்றலாம். பெரும்பாலான மாடல்களில் அது வெறும் உதட்டுப் பிடிப்புதான், கையாலேயே கழலும். வெளிவட்டத்தின் குறுக்களவு எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்துகொண்டு வாங்குங்கள்.

*அழுத்தினாலும் மாற்றமில்லை, ஆனால் வால்யூமை அரை நிமிடம் கூட்டினால் பேஸ் வருகிறது என்றால்:* ஹெட்போன் நன்றாக இருக்கிறது. மனிதக் காதே அப்படித்தான். சத்தம் குறையக் குறைய அடித்தொனிகள் மற்றதைவிட வேகமாக மங்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். ஐ.எஸ்.ஓ. 226 என்ற தரநிலையின் 2003 பதிப்பின்படி, 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபலாகக் கேட்கும் ஒலிக்குச் சமமாக 100 ஹெர்ட்ஸ் கேட்க வேண்டுமானால் சுமார் 64 டெசிபல் கொடுக்க வேண்டும். பழைய ஸ்டீரியோ செட்டுகளில் ‘லவுட்னஸ்’ என்று ஒரு பொத்தான் இருந்தது இதற்காகத்தான்.

இதற்கு மருந்து ஈக்வலைசர், அதாவது அடித்தொனி, நடுத்தொனி, மேல்தொனியைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் அமைப்பு. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 4 முதல் 6 டெசிபல் ஏற்றுங்கள். 8000 ஹெர்ட்ஸுக்கு மேலே 2 டெசிபல் போதும். நடுப்பகுதியைத் தொட வேண்டாம், அங்கேதான் குரல் இருக்கிறது. ஈக்வலைசரில் ‘ப்ரீஆம்ப்’ (மொத்த சத்தத்தையும் சேர்த்து ஏற்றி இறக்கும் கோடு) என்று இருந்தால் ஏற்றிய அளவுக்கு அதை இறக்குங்கள். இல்லையென்றால் தாளம் பலமாக விழும் இடங்களில் உடைந்து கேட்கும். ஐபோனின் மியூசிக் ஆப்பில் ‘லவுட்னஸ்’, ‘லேட் நைட்’ என்று தயாராகவே இரண்டு அமைப்பு உண்டு. நீங்கள் ஏற்றிய ஈக்வலைசர் அளவை ராத்திரிக்கு மட்டும் ஒரு தனி அமைப்பாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். பகலில் கூட்டி வைத்துக் கேட்கும்போது இதே அமைப்பு இருந்தால் பேஸ் மண்டையை இடிக்கும்.

*கூட்டினாலும் பேஸ் இல்லை என்றால்:* இயர்போன் வாயில் இருக்கும் சின்ன வலையில் குறும்பி அடைத்திருக்கலாம், சுத்தம் செய்யும் முறை அடுத்த அறிகுறியில் இருக்கிறது. ஏற்கெனவே ஒருவர் திறந்து பற்றவைத்த ஹெட்போன் என்றால், ஒரு பக்கத்து ஒயர்கள் தலைகீழாக மாறியிருக்கலாம். அப்போது பேஸ் வலுவிழக்கும், பாடகர் குரல் தலைக்கு நடுவில் நிற்காமல் பக்கவாட்டில் சிதறும். இதைச் சால்டரிங் தெரிந்தவர் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடுவார்.

அறிகுறி 2: குறைத்தால் ஒரு பக்கம் மட்டும் மெலிகிறது

ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டுங்கள். இந்த ஒரு சோதனையே பாதி வேலையை முடித்துவிடும்.

*மாற்றி மாட்டியும் அதே காதில்தான் மெலிந்து கேட்கிறது என்றால்:* கோளாறு காதில். குறும்பி இறுகியிருக்கலாம். பஞ்சுக்குச்சி, ஊக்கு, தீக்குச்சி எதுவும் போடாதீர்கள், இன்னும் உள்ளேதான் தள்ளும். காது மூக்கு தொண்டை மருத்துவர் சில நிமிடங்களில் எடுத்துவிடுவார். ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: நேற்று வரை நன்றாகக் கேட்ட காது திடீரென்று மந்தமானால், அதோடு இரைச்சலோ தலைசுற்றலோ இருந்தால், ஹெட்போனை ஓரமாக வைத்துவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். உள்காது நரம்பு சம்பந்தப்பட்ட திடீர்ச் செவித்திறன் இழப்பாக அது இருந்தால், முதல் சில நாட்களுக்குள் தொடங்கும் சிகிச்சைக்குத்தான் நல்ல பலன் இருக்கும். கடைக்கு வந்தவர்களை நானே திருப்பி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறேன்.

*மெலிவு அடுத்த காதுக்கு மாறுகிறது என்றால்:* ஹெட்போனோ போனோதான் காரணம். முதலில் போன் அமைப்பில் அணுகல்தன்மைப் பகுதிக்குள் இடது வலது சமநிலைக் கோடு நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தை கையில் போன் போயிருந்தால் அது நகர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அது சரி என்றால் வேறொரு போனில் மாட்டிப் பாருங்கள்.

அங்கேயும் அதே பக்கம் மெலிந்தால் ஹெட்போனின் வலை அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். டிப்பைக் கழற்றி, வலையைச் செல்போன் டார்ச்சில் சாய்த்துப் பாருங்கள். நன்றாக இருக்கும் பக்கத்தில் ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாக மின்னும். அடைத்த பக்கம் தேன் நிறத்தில் மொழுக்கென்று இருக்கும். வலை தரையைப் பார்க்கும்படி இயர்போனைப் பிடித்துக்கொண்டு, உலர்ந்த மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் கீழிருந்து மேலாக மெல்லத் தேயுங்கள். மேலே பார்க்கும்படி வைத்துத் தேய்த்தால் தூள் டிரைவர் மேல், அதாவது உள்ளே ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர் மேல், விழும். இறுகிப் போயிருந்தால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்துப் பிழிந்த பஞ்சால் ஒற்றி எடுங்கள். சொட்டு விடக் கூடாது, ஊதவும் கூடாது. வாயால் ஊதினால் எச்சில் ஈரம்தான் உள்ளே போகும். ஒயர்லெஸ் இயர்பட்ஸ் என்றால் சுத்தம் செய்தபின் போனில் இணைப்பை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் வால்யூமில் ஒத்துப்போகாமல் நிற்பது இதில் சரியாகும்.

*வேறு கருவியில் மாட்டினால் சரியாக இருக்கிறது, குமிழ் வைத்த ஆம்ப்ளிஃபையரிலோ மிக்சரிலோ மட்டும் மெலிகிறது என்றால்:* வால்யூம் கண்ட்ரோல். ஸ்டீரியோ கண்ட்ரோலுக்குள் இரண்டு தடங்கள் உண்டு. திருகலின் தொடக்கத்தில் அவை இரண்டும் ஒன்றுபோல் நடப்பதில்லை. அதனால்தான் கூட்டினால் சமமாகி, குறைத்தால் ஒரு பக்கம் சாய்கிறது. குமிழைக் கால்வாசிக்கு மேல் வையுங்கள், போனிலோ கணினியிலோ வால்யூமைக் குறையுங்கள். ‘கெயின்’ சுவிட்ச் (ஆம்ப்ளிஃபையர் ஒலியை எவ்வளவு பெருக்க வேண்டும் என்பது) இருந்தால் ‘லோ’வில் வையுங்கள். பெரும்பாலும் இதோடு தீர்ந்துவிடும்.

தீரவில்லை என்றால் கண்ட்ரோலை மாற்ற வேண்டும், அது சால்டரிங் வேலை. மாற்றக் கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பழைய கண்ட்ரோலின் முதுகில் ‘ஏ50கே’ போல ஒரு குறி இருக்கும். அந்த ‘ஏ’ தான் முக்கியம்: தொடக்கத்தில் சத்தம் மெல்ல ஏறும் வகை அது. கையில் இருக்கிறதே என்று ‘பி50கே’ போட்டுக் கொடுத்துவிட்டால், குமிழைத் துளி திருப்பியதும் சத்தம் குபீரென்று ஏறும், குறைந்த வால்யூமில் நிறுத்தவே முடியாது. தென்காசியில் கிடைக்காவிட்டால் மதுரையில் கிடைக்கும்.

அறிகுறி 3: பாட்டு இருக்கிறது, பாடகர் இல்லை

வயலின், கோரஸ், எதிரொலி எல்லாம் கேட்கும். பாடுகிறவர் குரல் மட்டும் கிணற்றுக்குள் இருந்து வருவது போல் இருக்கும். கூட்டி வைத்தால் ஏதோ கேட்கிறதே என்று சமாளித்துவிடுவார்கள், குறைத்தால் பேச்சே புரியாது. ஒயர் ஹெட்போனில் இது வந்தால் பொது ஒயர், அதாவது கிரவுண்ட், ஒட்டவில்லை என்று அர்த்தம். அப்போது இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே கேட்கும். இரு பக்கமும் சமமாக இருக்கும் குரல் அடிபட்டுப் போகும்.

ஒயர் நுனியில் இருக்கும், போனில் செருகும் பின்னை ‘டக்’ என்று நிற்கும் வரை அழுத்துங்கள். தடித்த போன் உறை தடுக்கிறதா என்று உறையைக் கழற்றிப் பாருங்கள். அழுத்தியும் நுனியில் ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றால் துளைக்குள் பஞ்சு இருக்கிறது. சட்டைப் பையிலும் லுங்கி மடிப்பிலும் போனை வைப்பவர்களுக்கு இது கட்டாயம் நடக்கும்: ஒவ்வொரு தடவை பின்னைச் செருகும்போதும் நூல்துகள் அடியில் அழுந்தி அழுந்தி ஒரு சின்ன வில்லையாகவே ஆகிவிடும். போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் ஓரமாகக் குடைந்து இழுத்தால் முழுசாக வெளியே வரும். ஊசி, ஊக்கு வேண்டாம், உள்ளே இருக்கும் தகடு வளைந்துவிடும்.

பின் முழுசாக உட்கார்ந்தும் குரல் இல்லையா? மைக் உள்ள இயர்போன் என்றால் அழைப்பு எடுக்கும் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். பிடித்திருக்கும் வரை குரல் வந்து, விட்டதும் போனால், அது பழைய வகைப் பின். அந்தப் பின்னில் மைக்கும் கிரவுண்டும் இடம் மாறி இருக்கும். அதற்கென்று சிறிய மாற்று அடாப்டர் உண்டு. மைக் பின்னைப் பழைய ஆம்ப்ளிஃபையரில் மாட்டினாலும் இதே தொல்லை சில சமயம் வரும். பின்னைக் கொஞ்சம் வெளியே இழுத்தால் குரல் வரும்.

பொத்தானை அழுத்தியும் மாற்றமில்லை என்றால் ஒயர் உள்ளே அறுந்திருக்கிறது. பின்னின் கழுத்திலும், ஒயர் இரண்டாகப் பிரியும் இடத்திலும் வளைத்து வளைத்துப் பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால் ஓம்ஸில் வைத்து, பின்னின் நுனிக்கும் கிரவுண்டுக்கும், அடுத்த வளையத்துக்கும் கிரவுண்டுக்கும் அளங்கள். மூன்று கறுப்புக் கோடு உள்ள பின்னில் கிரவுண்ட் பொதுவாக நுனியிலிருந்து மூன்றாவது உலோகப் பகுதி. இரண்டு கோடு என்றால் அடிப்பகுதி. சாதாரண இயர்போனில் 16 அல்லது 32 ஓம் அருகே காட்டும், தொடும்போது உள்ளே ‘கடக்’ என்று சத்தமும் வரும். காதில் மாட்டிக்கொண்டு இதைச் செய்ய வேண்டாம். இரண்டு அளவுமே வரவில்லை, ஆனால் நுனிக்கும் வளையத்துக்கும் நடுவில் மட்டும் இரட்டிப்பாகக் காட்டுகிறது என்றால் கிரவுண்ட் போனது உறுதி. புதுப் பின் விலை பெரிதில்லை, ஆனால் இந்த ஒயர்களின் மேல் எனாமல் பூச்சு இருக்கும். அதைச் சால்டரிங் சூட்டிலேயே எரித்து எடுத்தால்தான் ஈயம் பிடிக்கும். பழக்கமில்லாதவர்கள் கடைக்குக் கொடுப்பதே நல்லது.

அறிகுறி 4: பாட்டுக்கு அடியில் ‘உஸ்ஸ்’ அல்லது ‘ம்ம்ம்’

பாட்டை நிறுத்திவிட்டு வால்யூமை ஏற்றி இறக்குங்கள். ‘உஸ்ஸ்’ மாறாமல் அப்படியே இருந்தால் அது ஆம்ப்ளிஃபையரின் சொந்த இரைச்சல். சிறு மின்சாரத்துக்கே சத்தம் தரும், காதுக்குள் செருகும் இயர்போனைப் பெரிய ஆம்ப்பில் மாட்டினால் இது கேட்கத்தான் செய்யும். கெயினைக் குறையுங்கள், அல்லது சின்ன யூ.எஸ்.பி. டாங்கிளில் மாட்டுங்கள். இரைச்சல் குறைக்கும் வசதியுள்ள ஹெட்போனில் அந்த வசதியை அணைத்ததும் ‘உஸ்ஸ்’ போனால், அது அந்த வசதியின் இயல்பு, பழுதில்லை. ஆம்ப்பின் ‘உஸ்ஸ்’ஸைக் குறைக்க, ஹெட்போனுக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் செருகும் மின்தடை அடாப்டரும் விற்கிறது. ஒற்றை டிரைவர் இயர்போனுக்கு அது சரி. பல டிரைவர் உள்ளதில் மாட்டினால் குரலின் நிறம் மாறலாம்.

‘ம்ம்ம்’ என்றால் லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்குங்கள். சத்தம் நின்றால் எர்த் பிரச்சினை. மூன்று கால் பிளக்கை இரண்டு கால் கன்வெர்ட்டரில் செருகியிருந்தால் முதலில் அதை எடுத்துவிட்டு நேராக மூன்று துளை பிளக்கில் போடுங்கள். அப்படியும் சத்தம் இருந்து, லேப்டாப்பின் உலோகப் பகுதியைத் தொடும்போது விரலில் சுருசுருவென்று இருந்தால், வீட்டு எர்த் வேலை செய்யவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். கோடையில் எர்த் குழி காய்ந்து போவதால் இது நடக்கும். அதற்கு மேல் எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டிய வேலை, ஹெட்போன் கடை வேலை இல்லை.

அறிகுறி 5: முதல் படியே அதிகம், அதற்குக் கீழே மௌனம்

ஆண்ட்ராய்டில் மீடியா வால்யூமுக்கு வழக்கமாக 15 படிகள்தான். ப்ளூடூத்தில் முதல் படியே ராத்திரிக்கு அதிகமாகத் தெரியலாம். ஆப்புக்குள் தனி வால்யூம் கோடு இருந்தால் அதைப் பாதியாக்குங்கள். இல்லையென்றால் ஈக்வலைசரின் ப்ரீஆம்பை 10 டெசிபல் இறக்குங்கள். எல்லாப் படிகளும் சேர்ந்து கீழே வரும், நடுவில் நிறுத்த இடம் கிடைக்கும். ஐபோனில் பொத்தானை விட்டுவிட்டு மேலிருந்து இறக்கும் கட்டுப்பாட்டுப் பலகையில் விரலால் இழுத்தால் இன்னும் நுணுக்கமாக நிறுத்தலாம்.

ஆண்ட்ராய்டில் இன்னொரு வழி: ‘பில்ட் நம்பர்’ மேல் ஏழு தடவை தட்டி டெவலப்பர் அமைப்பைத் திறந்து, ‘டிசேபிள் அப்சல்யூட் வால்யூம்’ என்பதை இயக்கி, ப்ளூடூத்தை அணைத்து மறுபடி இணையுங்கள். இப்போது போனுக்கு ஒரு வால்யூம், ஹெட்போனுக்கு ஒரு வால்யூம் என்று பிரிந்துவிடும். மாட்டுவதற்கு முன்னால் இரண்டையும் குறைத்துக்கொள்ளுங்கள், ஒன்று முழு அளவில் நின்றுவிட வாய்ப்புண்டு.

அறிகுறி 6: மெல்லிய இடங்களில் சத்தம் அறுந்து போகிறது

டிவிக்கென்று வரும் ரேடியோ அலை ஒயர்லெஸ் ஹெட்போன்களில் இது அதிகம். டிவியில் வால்யூமைக் குறைத்து வைத்தால், ஒலியே வரவில்லை என்று நினைத்து டிரான்ஸ்மிட்டர் தானாக அணையும், இரைச்சலும் கூடும். டிவியின் ஹெட்போன் வால்யூமைக் கூட்டி, ஹெட்போனில் இருக்கும் குமிழால் குறையுங்கள். சில ப்ளூடூத் இயர்பட்ஸ் அமைதிக்குப் பிறகு வரும் முதல் எழுத்தை விழுங்கும். மென்பொருள் புதுப்பிப்பு இருந்தால் போட்டுப் பாருங்கள், அதைத் தவிர கடையில் செய்ய ஒன்றுமில்லை.

அறிகுறி 7: குமிழைத் திருப்பினால் கரகரப்பு

சாரல் முடிந்த கையோடு வரும் புகார். மின்சாரத்தைத் துண்டித்து, குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இருபது முப்பது தடவை திருப்புங்கள். போகவில்லை என்றால் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் விற்கும் காண்டாக்ட் கிளீனரைக் கண்ட்ரோலின் இடுக்கில் ஒரு பீச்சு பீச்சி, மறுபடி திருப்பி, முழுசாகக் காய்ந்த பிறகு இயக்குங்கள். துருப்பிடித்த நட்டுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம்; அன்றைக்கு நன்றாக இருக்கும், பிறகு அந்த எண்ணெயிலேயே தூசி ஒட்டும்.

கடைக்குக் கொண்டுவரும்போது

ஹெட்போனை மட்டும் அனுப்பாமல், எந்தப் போனில் கேட்கிறீர்களோ அதையும் கொண்டுவாருங்கள். மாற்றி மாட்டிய சோதனையில் என்ன ஆனது, வேறு போனில் எப்படி இருந்தது என்று இரண்டு வரி சொன்னால் போதும். வாரண்டி இருக்கும் பொருளை எங்களிடம் திறக்கக் கொடுக்காதீர்கள், முதலில் கம்பெனி சர்வீசுக்குப் போங்கள். ஒயர் இயர்போனில் டிரைவரே போயிருந்தால், விலை குறைந்த மாடலுக்குக் கூலி கொடுப்பது வீண். ஒயர் கழற்றி மாட்டும் வகை என்றால் ஒயரை மட்டும் மாற்றிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இயர்பட்ஸின் பெட்டி உப்பியிருந்தால், மூடி சரியாகப் பொருந்தாமல் நின்றால், சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி வீங்கியிருக்கிறது. அதைக் குத்தவோ அழுத்தவோ வீட்டில் திறக்கவோ வேண்டாம், அப்படியே எடுத்து வாருங்கள்.